அத்தி பூத்துக்கிட்டேதான் இருக்கு

போன தடவை ஊருக்குப் போனப்ப அம்மா வாசல்லயே நின்னு "என்னப்பா, அத்தி பூத்தாப்ல வந்திருக்க"ன்னாங்க. எட்டு மாசம் கழிச்சு போறேன், அவங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா அந்த வார்த்தை அன்னைக்கு பூரா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, ஏன்னா எங்க வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம் நடந்தா வாய்க்கால் கரை, அந்தக் கரையில ஒரு பெரிய அத்திமரம், நான் பொறந்ததுலேர்ந்து பாக்கற மரம், வருஷத்துல பல தடவ அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்ச்சுத் தொங்கும். இவ்ளோ காய்க்கற மரம் எப்ப பூத்துச்சுன்னு எங்க தெருவுல ஒருத்தராலயும் சொல்ல முடியாது.

எங்க அப்பாயி அதுக்கு ஒரு கதை வெச்சிருந்தாங்க. அத்தி நடுராத்திரில பூக்குமாம், விடியறதுக்குள்ள உதிந்துடுமாம், அதப் பாத்த கண்ணுக்கு யோகமாம். காஞ்சிபுரத்துல அத்திவரதர் 1979-க்கு அப்பறம் 2019-லதான் குளத்துலேர்ந்து வெளிய வந்தாரு, நாப்பது வருஷம், அப்பவும் எங்க வீட்டுல எல்லாரும் இதே அத்திப்பூ பேச்சுதான் பேசுனாங்க. அரிதுன்னா அத்திப்பூ. அதுக்கு மேல நாங்க யோசிச்சதே இல்ல.

சின்ன வயசுல அந்த மரத்தடில பழம் பொறுக்குவோம். செக்கச்செவேல்னு இருக்கும், பிட்டா உள்ள குட்டிக் குட்டியா கொசு மாதிரி பூச்சி, சிலது பறக்கும், சிலது ஊரும். நாங்க கத்திக்கிட்டு தூக்கிப் போட, அப்பாயி அதையே எடுத்து ரெண்டா பிட்டு உஃபுன்னு ஊதிட்டு, புடவைத் தலைப்புல தொடச்சு வாயில போட்டுக்குவாங்க. "அத்திப்பழத்த பிட்டா அத்தனையும் புழுதான், அதுக்காக திங்காம இருக்கறதா"ன்னு கேப்பாங்க. பழம் நல்லா இருந்திருக்கு, அப்பறம் பூச்சி வந்து கெடுத்துடுச்சுன்னுதான் நான் ரொம்ப வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். விஷயம் அப்படியே தலைகீழ். பூச்சி வந்ததாலதான் அங்க பழமே இருந்துச்சு.

நாம அத்திக்காய்னு சொல்றது காயே இல்லங்க, அது ஒரு பூங்கொத்து. ஒரு சூரியகாந்திய எடுத்து, பூவெல்லாம் உள்பக்கம் போற மாதிரி பந்தா சுருட்டி, வாயை இறுக்கிக் கட்டிட்டா எப்படி இருக்கும், அதுதான் அத்திக்காய். உள்சுவரு முழுக்க ஆயிரக்கணக்குல பூ, ஒவ்வொண்ணும் கடுகவிட சின்னது. காம்புக்கு எதிர்ப்பக்கம், தொப்புள் மாதிரி ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் ஒரே வாசல், அதையும் செதில் செதிலா மூடி வெச்சிருக்கும். ஆலம், அரசு, இச்சின்னு இந்தக் குடும்பத்துல எல்லாத்துக்கும் இதே ஏற்பாடு, உலகம் பூரா 750 இனத்துக்கு மேல இருக்கு. வெளிய பூ தெரியாம காய்க்கற மரத்துக்கு பழைய தமிழ்ல கோளின்னே ஒரு பேர் உண்டு. அந்தப் பேர வெச்சவங்க மரத்த எவ்ளோ கவனிச்சிருக்காங்கன்னு நெனச்சா எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கு.

சரி, பூ உள்ள பூட்டிக் கெடக்கு. தேனீ வர முடியாது, காத்தும் நுழைய முடியாது. மகரந்தம் எப்படி வந்து சேரும்? இங்கதான் அந்த கொசு மாதிரி பூச்சி வருது. அது கொசு இல்ல, குளவி. ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். நம்ம ஆத்தோர அத்திக்குன்னு இருக்கற இனத்துக்கு செரட்டோசோலன் ஃபஸ்கிசெப்ஸ்னு பேரு, பூச்சியவிட பேரு நீளம். காய் பிஞ்சா இருக்கறப்ப, உள்ள பெண்பூ தயாரானதும் மரம் ஒரு வாசனைய வெளிய விடுது. நம்ம மூக்குக்கு அது ஒண்ணுமே இல்ல, ஆனா அந்தக் குளவிக்கு அது பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரி. பெண் குளவி வந்து எறங்கி அந்தத் தொப்புள் வாசல்ல தலைய விட்டு முட்டி முட்டி உள்ள போகும். வாசல் எவ்ளோ இறுக்கம்னா, உள்ள போறப்பவே அதோட ரெக்கை பிஞ்சு போயிடும், உணர்கொம்பும் பெரும்பாலும் ஒடிஞ்சிடும். வெளில ரெக்கை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். இனிமே அது எங்கயும் பறக்கப் போறதில்ல, உள்ள போன காய்தான் அதுக்கு கடைசி எடம்.

உள்ள கும்மிருட்டு. அதுல நகந்துக்கிட்டே ரெண்டு வேலை செய்யுது. மார்புல ரெண்டு பக்கமும் சின்னப் பை மாதிரி பள்ளம் இருக்கு, அதுல தான் பொறந்த காயிலேர்ந்து கொண்டு வந்த மகரந்தத்த வெச்சிருக்கும், அத முன்னங்காலால எடுத்து பூ மேல தடவி விடும். தற்செயலா ஒட்டிக்கிட்டு வந்த தூள் இல்ல இது, பொறந்த எடத்துலயே பை நெறைய அள்ளிக்கிட்டு கெளம்பிருக்கு. தடவிக்கிட்டே, சில பூவுக்குள்ள முட்டையும் வெக்கும். பூவுல தண்டு குட்டையானதும் இருக்கு, நீளமானதும் இருக்கு, முட்டை பெரும்பாலும் குட்டைல விழும், நீளமானது விதையா மாறும். ஒரே காய்க்குள்ள பாதி தொட்டில், பாதி விதைன்னு பங்கு பிரிஞ்சு போகுது. வேலை முடிஞ்சதும் அந்தத் தாய் அங்கயே செத்துடும்.

அதுக்கப்பறம் ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம், காய் வெளில பாக்க சும்மா பச்சையா தொங்கிக்கிட்டு இருக்கும். உள்ள குஞ்சுகள் வளருது. மொதல்ல வெளிய வர்றது ஆண். ஆண் குளவிய முதல்முதலா லென்ஸ்ல பாத்தப்ப இது வேற ஏதோ பூச்சின்னு நெனச்சேன், ஏன்னா அதுக்கு ரெக்கையே கெடையாது, கண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது, மங்கின மஞ்சள்ல புழு மாதிரி சுருண்டு இருக்கும், தாடை மட்டும்தான் பெருசு. அதோட வாழ்க்கையே ரெண்டே வேலை. பெண் இன்னும் பொறக்காம அந்தக் கூட்டுக்குள்ளயே தூங்கிட்டு இருக்கும், ஆண் அந்தக் கூட்டுல ஓட்டை போட்டு அங்கயே இணை சேருது. அப்பறம் ஆணுங்க எல்லாம் ஒண்ணா சேந்து காயோட சுவத்த கடிச்சுக் கடிச்சு வெளிய போக சுரங்கம் தோண்டுது. அந்தச் சுரங்கம் அதுங்களுக்கு இல்ல. தோண்டி முடிச்சதும் பெரும்பாலும் உள்ளயே செத்துடும், சிலது வெளிய விழுந்து எறும்புக்கு இரையாகும். தான் எந்த மரத்துல பொறந்தோம்னு அதுங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியாது, ஆகாசத்த பாக்காமலே ஒரு முழு ஆயுசு முடிஞ்சு போகுது. இத படிச்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் வேற எதுவும் படிக்கல.

இந்த நேரம் பாத்துதான் காய்க்குள்ள ஆண்பூ விரியும், ஒரு மாசம் முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. பெண்ணுங்க பையில மகரந்தத்த நெரப்பிக்கிட்டு சுரங்கம் வழியா வெளிய வரும். பறக்க கெடைக்கறது ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள். அதுக்குள்ள சரியான பருவத்துல பிஞ்சு வெச்ச இன்னொரு அத்திமரம் வேணும். பொறந்த மரம் உதவாது, அங்க பெரும்பாலும் எல்லா காயும் ஒரே நேரத்துல பழுத்துக்கிட்டு இருக்கும். அதனால மரத்துக்கு மேல ஏறி காத்துல மெதந்து போகுது. நமீபியா பாலைவனத்துல உகாப் ஆத்தங்கரையோரமா தனித்தனியா நிக்கற அத்திமரங்கள்ல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 2009-ல வெளியாச்சு, விதைக்குள்ள இருக்கற மரபணுவ வெச்சு அப்பன் மரம் எதுன்னு தேடிப் பாத்தா 160 கிலோமீட்டர் வரைக்கும் தள்ளி நிக்குது. திருச்சிலேர்ந்து பாண்டிச்சேரிக்கு கிட்டத்தட்ட வந்துடலாம். ரெண்டு மில்லிமீட்டர் ஒடம்பு, ரெண்டு நாள் ஆயுசு, பைல மகரந்தம்.

இதுல இன்னொண்ணு. ஆலமரத்துக் குளவி அத்திக்குப் போகாது, அத்திக் குளவி அரசுக்குப் போகாது. விதிவிலக்கு இருக்குதான், ஆனா பெரும்பாலும் மரத்துக்கு ஒரு குளவி, குளவிக்கு ஒரு மரம். இந்த ஒறவு ஆரம்பிச்சு சுமார் ஏழரைக் கோடி வருஷம் இருக்கும்னு கணக்கு சொல்றாங்க. டைனோசர் அழிஞ்சே ஆறரைக் கோடிதான் ஆச்சு.

ஏழரைக் கோடி வருஷம் ஒண்ணா வாழ்ந்தா ஏமாத்து வேலையும் நடக்காம இருக்குமா? மகரந்தம் கொண்டு வராம முட்டை மட்டும் வெச்சுட்டுப் போற குளவியும் உண்டு. பனாமால சார்லட் ஜாண்டர், ஆலன் ஹெர்னு ரெண்டு பேர் 2010-ல இத சோதிச்சுப் பாத்து எழுதுனாங்க. மகரந்தம் இல்லாத குளவிய காய்க்குள்ள விட்டா, பல மரத்துல அந்தக் காயையே மரம் உதுத்துடுது, உள்ள இருக்கற குஞ்சும் அதோட போச்சு. மரம் கணக்கு வெச்சுக்குதுன்னு சொன்னா மிகையா தோணும், ஆனா நடக்கறது அதுதான்.

சுத்தமான திருட்டுக் கோஷ்டி தனியா இருக்கு. அதுங்க வாசல் வழியாவே வராது, காய்க்கு வெளிய உக்காந்துக்கிட்டு முடியவிட மெல்லிசான முட்டைக்குழாய காய் சுவத்துக்குள்ள எறக்கி, ஏற்கனவே உள்ள இருக்கற குஞ்சு மேல முட்டை வெக்கும். அத்திக்காய் பச்சையா இருக்கறப்ப கடிச்சுப் பாருங்க, என்ன கெட்டி. அத அவ்ளோ மெல்லிசான குழாய் எப்படித் துளைக்குது? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல, அதான் ஐஐஎஸ்சில, நம்ரதா குண்டையா குழுவினர் 2014-ல அத ஆராய்ஞ்சு பாத்தா, குழாய் நுனில பல்லு பல்லா இருக்கு, அந்தப் பல்லுல துத்தநாகம் ஏறியிருக்கு. ட்ரில் பிட் மாதிரியே. நம்ம ஊர் அத்திமரத்துல சாதாரணமா உக்காந்திருக்கற பூச்சி அது.

அதே ஐஐஎஸ்சில ரெனே போர்ஜஸோட ஆய்வகம் பல வருஷமா அத்திய ஆராய்ச்சி பண்ணுது, அங்கேர்ந்து வந்ததுல எனக்கு ரொம்பப் புடிச்சது நூல்புழு சமாச்சாரம். காய்க்குள்ள இருக்கற நுண்ணிய நூல்புழுவுக்கு ரெக்கை இல்ல, அடுத்த காய்க்குப் போகணும்னா குளவி மேலதான் தொத்திக்கிட்டுப் போகணும். ஒரே குளவில ரொம்ப பேர் ஏறிட்டா குளவி போய்ச்சேராது, எல்லாருக்கும் நட்டம். அதனால ஏறறதுக்கு முன்னாடி அதுல ஏற்கனவே எத்தன பேர் இருக்காங்கன்னு கண்டுபிடிச்சு, கூட்டம் கம்மியா இருக்கற குளவியா பாத்துதான் ஏறுது. நம்ம டவுன் பஸ்ல நாம செய்யறதேதான்.

கடைல விக்கற காஞ்ச அத்தி வேற மரம், சீமை அத்தி. அதுலயும் பல ரகம், நெறைய ரகத்துக்கு குளவியே வேணாம், தானா பழுக்கும். துருக்கியோட ஸ்மிர்னா ரகம்தான் குளவி இல்லாம முடியவே முடியாத ரகம், இதுல ஒரு பெரிய கதை இருக்கு. 1880-கள்ல கலிஃபோர்னியா விவசாயிங்க ஸ்மிர்னா ஊர்லேர்ந்து, இப்ப அதுக்கு இஸ்மிர்னு பேரு, ஆயிரக்கணக்குல குச்சிய வாங்கி நட்டாங்க. மரம் நல்லா வளந்துச்சு, பிஞ்சு வெச்சுச்சு, கோலிகுண்டு அளவு ஆனதும் எல்லாம் உதிந்துடுச்சு. வருஷா வருஷம் இதே கதை. ஸ்மிர்னாக்காரன் மட்டக் குச்சிய தலைல கட்டிட்டான்னு பலபேர் திட்டுனாங்க. காட்டு அத்தில இருக்கற பூச்சிதான் காரணம்னு சொன்னவங்க பேச்சு எடுபடல, இத்தனைக்கும் காட்டு அத்திக் காயக் கொண்டு வந்து தோட்டத்து மரத்துல கட்டித் தொங்க விடற பழக்கத்த கிரேக்கத்து தியோஃப்ராஸ்டஸ் 2300 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டாரு, துருக்கி விவசாயிங்க இன்னைக்கும் செய்யறாங்க. ஃபிரெஸ்னோ ஊர்ல ஜார்ஜ் ரோடிங்னு நர்சரிக்காரர், அவரு 1890-ல கையாலயே மகரந்தத்த காய்க்குள்ள செலுத்திப் பாத்தாரு, அந்தக் காய் மட்டும் உதிராம பழுத்துச்சு. அதுக்கப்பறம் குளவிய உயிரோட கொண்டு வர்றதுக்கே வருஷக்கணக்கா ஆச்சு, அமெரிக்க வேளாண்துறைல இருந்த வால்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாலேர்ந்து அனுப்பிவெச்ச காட்டு அத்திலேர்ந்து 1899-ல ஒருவழியா ஃபிரெஸ்னோல குளவி நெலச்சுது. கலிமிர்னாங்கற பேரு வந்ததே கலிஃபோர்னியாவையும் ஸ்மிர்னாவையும் ஒட்டவெச்சுத்தான்.

இந்த சீமை அத்தில என்ன கொடுமைன்னா, பெண் மரம் தனி. அதோட பூவெல்லாம் நீளத் தண்டு, குளவியால முட்டை வெக்கவே முடியாது. ஆனா வாசனை அதே வாசனை. ரெக்கைய இழந்து உள்ள போன குளவி மகரந்தத்த கொடுத்துட்டு, ஒரு குஞ்சுகூட இல்லாம அங்கயே சாகும். நாம திங்கற ஸ்மிர்னா பழம் ஒவ்வொண்ணும் அப்படி ஏமாந்த ஒரு உயிராலதான் பழுத்திருக்கு. இத தெரிஞ்சப்பறம் அந்தப் பழத்த சும்மா வாயில போட்டுக்க முடியல, கொஞ்சம் நின்னு பாத்துட்டுதான் திங்கறேன்.

அப்ப அத்திப்பழம் சைவமா அசைவமான்னு அம்மா கேட்டாங்க, வாட்ஸப்ல வந்துச்சாம். நறுக்கு நறுக்குன்னு கடிபடறது குளவி இல்ல, விதை. உள்ள செத்த குளவிய பழத்துல இருக்கற ஃபிசின்கற நொதி பெரும்பாலும் கரைச்சுடும்னு சொல்றாங்க. என்னைக் கேட்டா தாராளமா சாப்பிடலாம், மரமும் குளவியும் அவங்களுக்குள்ள நடத்தற வேலை அது. ஆனா சமணத்துல ஆலு, அரசு, அத்தின்னு இந்த வகையில அஞ்சு பழத்த ஒதுக்கி வெச்சிருக்காங்க, பஞ்ச உதும்பரம்னு பேரே உண்டு, காரணம் உள்ள சின்ன உயிர் நெறைய இருக்குங்கறதுதான். லென்ஸ் இல்லாத காலத்துல பழத்த பிட்டுப் பாத்து, பாத்தத மதிச்சு, நாக்க கட்டுப்படுத்திக்கிட்டவங்க. எனக்கு அவங்க மேல பெரிய மரியாதை.

இப்பல்லாம் கோபுர இடுக்குல, ஓட்டு வீட்டு சுவத்துல, பனைமரத்து உச்சில ஆலங்கன்னோ அரசங்கன்னோ முளைச்சிருக்கறத பாத்தா எனக்கு குளவி ஞாபகம்தான் வருது. காக்காவும் மைனாவும் விதைய கொண்டு வந்து போட்டுச்சு, சரி, ஆனா குளவி போகலன்னா அந்தப் பழத்துல முளைக்கற விதையே இல்ல. ஃப்ளோரிடால அழகுக்காக நம்ம ஆசியாவோட இச்சி வகை மரங்கள நட்டு வெச்சாங்க, பல வருஷம் ஒரு கன்னுகூட தானா முளைக்கல, 1970-கள்ல அதுக்கான குளவி எப்படியோ வந்து சேந்துச்சு, அப்பறம் சுவத்துலயும் பாலத்துலயும் கன்னு கெளம்புது. உலகத்துல 1,200-க்கு மேல பறவை, பாலூட்டி இனங்கள் இந்தக் குடும்பத்துப் பழத்த திங்குது. ஆனைமலைப் பக்கம் இருவாச்சிக்கு கூடு கட்டற காலத்துல முக்கியமான சாப்பாடே இதுதான், மரப்பொந்துக்குள்ள அடைஞ்சிருக்கற பெட்டைக்கு ஆண் கொண்டு வந்து ஊட்டும். அடையாறு ஆலமரத்தோட நடுமரம் 1989 புயல்ல சாஞ்சப்பறமும் விழுதுங்கதான் நிக்குது, அடிமரம் போன கோளி ஆலத்த விழுது தாங்கற மாதிரின்னு சங்கப் பாட்டுலயே ஒரு உவமை இருக்கு. மரம் அப்படி நூறு எரநூறு வருஷம் நிக்கும், அதோட குளவி ரெண்டு நாள்.

அம்மா கேட்டதுக்கு அடுத்த நாள் காலைல ஆறு மணிக்கே என் பொண்ண எழுப்பி வாய்க்கால் கரைக்கு கூட்டிட்டுப் போனேன். அடிமரத்துல காய் பாதி பச்சை, பாதி செவப்பு ஏறுன பதம். போன்ல மாட்டற குட்டி லென்ஸ கொண்டு போயிருந்தேன். ஒரு பச்சைக் காய பிட்டுக் காட்டி "இதுதான்மா அத்திப்பூ"ன்னேன், அவ "இதுவா, அப்பாயி பாட்டி பாக்கவே முடியாதுன்னு சொன்னதா சொன்னியே"ன்னா. பாத்திருக்காங்க, வாழ்நாள் பூரா பிட்டுப் பாத்திருக்காங்க, ஊதிட்டு தின்னுருக்காங்கன்னு சொல்லறப்ப எனக்கு தொண்டை அடைச்சிக்கிச்சு.

பக்கத்துக் காய்ல புதுசா ஒரு ஓட்டை, ஊசி குத்துன அளவு. அவதான் கண்டுபிடிச்சா. ரெண்டு பேரும் குந்திக்கிட்டு பாத்துட்டே இருந்தோம், கால் மரத்துப் போச்சு. மொதல்ல ஒரு உணர்கொம்பு வந்துச்சு, அப்பறம் தலை, அப்பறம் கருகருன்னு முழு உடம்பு. வெளிய வந்து ரெக்கைய நீவி விட்டுக்கிச்சு. எறும்பு ரெண்டு ஏற்கனவே அந்தப் பக்கம் வந்துக்கிட்டு இருந்துச்சு, பொண்ணு வெரல நீட்டி வழிய மறிச்சா. குளவி அவ வெரல் மேலயே ஏறி நகத்து நுனி வரைக்கும் நடந்துச்சு.

"இது எங்கப்பா போகும்?"

எனக்குத் தெரிஞ்ச அடுத்த அத்திமரம் ஆத்துக்கு அந்தாண்ட, சுடுகாட்டுப் பாதைல. அந்தப் பக்கம் கை காட்டுனேன். அதுக்குள்ள காத்து கொஞ்சம் அடிச்சுது, வெரல்ல ஒண்ணும் இல்ல.